டேட்டா வரம்புள்ள வீட்டில் பேக்கப்: எந்த வழி கட்டுப்படியாகும்?

தைப்பூசம் முடிந்த மறுவாரம். மாதம் பிறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. டேட்டாவில் 80 சதவீதம் தீர்ந்துவிட்டது என்று எஸ்எம்எஸ் வந்ததும் முதலில் பையனைத்தான் சந்தேகப்பட்டேன். பாவம், அவன் மேல் தப்பில்லை. என் மனைவி புது போன் வாங்கியிருந்தார். அது முதல் நாளே பழைய படங்கள் 40 ஜிபியைக் கிளவுடிலிருந்து இறக்கிக்கொண்டது. அப்புறம் கோயிலில் அவர் 4கேயில் ஒன்றரை மணி நேரம் பிடித்த காவடி வீடியோ 15 ஜிபியை மேலே ஏற்றியது. ஏறிய அதே 15 ஜிபியை, அதே கணக்கில் இருக்கும் என் லேப்டாப் கீழே இறக்கியது. ஆக 70 ஜிபி, ஒருவரும் ஒரு பட்டனைக்கூட அழுத்தாமல்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் மேட்டில் ஒரு வீட்டின் அவுட்பில்டிங்கில், அதாவது பெரிய வீட்டை ஒட்டிய சின்ன வீட்டில் குடியிருக்கிறோம். இணையம் சிம் போட்ட எல்டிஇ (4ஜி) ரவுட்டர் வழியாக வருகிறது. எங்கள் திட்டத்தில் எந்நேரமும் பயன்படுத்த 120 ஜிபி. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மட்டும் பயன்படுத்த இன்னொரு 120 ஜிபி. இந்த நாட்டில் இப்படி இரவு டேட்டா சேர்த்துத் தரும் திட்டங்கள் நிறைய. நேரக் கணக்கு மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

போனும் லேப்டாப்பும் செய்த தப்பு ஒன்றுதான். வைஃபை என்றாலே கணக்கில்லாத இணையம் என்று நினைத்துக்கொண்டன. அந்த வைஃபைக்குப் பின்னால் இருப்பதும் ஒரு சிம் கார்டுதான் என்று அவற்றுக்கு யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். ஐபோனில் அந்த வைஃபையைத் தொட்டு 'லோ டேட்டா மோட்' போட்டால் ஐகிளவுட் படங்கள் ஏறுவது நின்றுவிடும். ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் அதே வைஃபையை 'மீட்டர்டு', அதாவது அளவுக் கணக்குள்ளது என்று குறித்து வைக்கலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவ் தானாக நின்றுகொள்ளும். எந்த வழிக்குப் போனாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, என்னென்ன வழி இருக்கிறது என்று பார்க்கும் முன் எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். வீடியோ 240 ஜிபி, புகைப்படம் 90, ஸ்கேன் செய்த காகிதங்கள் 30, மற்றவை 20. மொத்தம் 380 ஜிபி. அதைவிட முக்கியமான கணக்கு, மாதாமாதம் புதிதாக எவ்வளவு சேர்கிறது என்பது. எங்களுக்கு 12 முதல் 15 ஜிபி. திருவிழா மாதத்தில் கொஞ்சம் கூடும். இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. 380 என்பது ஒரே ஒரு முறை தூக்க வேண்டிய மூட்டை. 15 என்பது மாதச் சாமான்.

அந்த 30 ஜிபி ஸ்கேன் எங்களுடையதல்ல. எங்கள் வீட்டுக்காரரான மேல் வீட்டு அக்காவுடையது. அக்காவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. 'தம்பி' மட்டும் சுத்தமாக வரும். ஒருநாள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். உள்ளே அவருடைய ஆயாவின் (பாட்டியின்) கல்யாணப் படம், மடிப்பில் கிழிந்த ஒப்பந்தக் காகிதம், பழைய பள்ளிச் சான்றிதழ்கள். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது முதல் 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். அக்காவின் காகிதத்திலும் அந்த எண் மங்கலாகத் தெரிகிறது.

ஏ4 அளவுக் காகிதத்தை 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 100 எம்பி. முன்பக்கம், பின்பக்கம், சரியாக விழாமல் திரும்ப எடுத்தது என்று முந்நூறு பக்கம் ஆகிவிட்டது. அதையே நல்ல தரத்தில் ஜேபெக் ஆக்கினால் பத்தில் ஒரு பங்குதான். அப்போதுதான் உறைத்தது: எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை தர வேண்டியதில்லை. கப்பல் பட்டியல்கள் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இருக்கின்றன. நம் நகல் தொலைந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஆயாவின் கல்யாணப் படம் போனால் போனதுதான். அதனால் படத்துக்கு டிஃப். மளிகைப் பற்றுச்சீட்டுக்கு ஜேபெக்கே அதிகம். (அக்கா அதையும் சேர்த்து வைத்திருந்தார்.)

இனி வழிகள்.

முதல் வழி எல்லோரும் சொல்வது: "ஃபைபர் போட்டுக்கோயேன்." நியாயம்தான். இங்கே ஃபைபரில் கம்பி ஒருவருடையது, சேவை வேறொருவருடையது. ஓபன்சர்வ், வூமாடெல் போன்றவர்கள் கம்பி இழுக்கிறார்கள். அதே கம்பியில் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு சேவை விற்கின்றன. பெரும்பாலும் 'அன்கேப்டு', அதாவது வரம்பில்லை. அதிலும் சில திட்டங்களில் நியாயப் பயன்பாட்டு விதி என்று ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும். அளவு மீறினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பேக்கப்புக்கு வாங்குபவர் பார்க்க வேண்டியது இறக்கும் வேகத்தை அல்ல, ஏற்றும் வேகத்தை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் சில திட்டங்களில் அதில் பாதிதான். ஃபைபர் கிடைக்கும் இடத்தில், மாதக் கட்டணம் கையைக் கடிக்காது என்றால், போட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. எங்கள் சந்துக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அக்கா சம்மதிப்பார், ஆனால் சந்துக்குக் கம்பி வர வேண்டுமே.

இரண்டாவது, டேட்டா தீரத்தீர மேலும் வாங்குவது. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 2020 ஏப்ரலில் வோடாகாம் என்ற மொபைல் கம்பெனி 30 நாள் 1 ஜிபி விலையை 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டாகக் குறைத்தது பெரிய செய்தியானது. போட்டி ஆணையம் விசாரித்து, டேட்டா விலை அதிகம் என்று சொன்ன பிறகுதான் அது நடந்தது. அந்தக் குறைந்த விலையிலேயே 380 ஜிபியைச் சில்லறையாக வாங்கினால் 37,620 ரேண்ட். மொத்தமாக வாங்கினால் குறையும்தான். ஆனால் பேக்கப் என்பது அவசர வேலையல்ல. அவசர விலையில் அதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, இரவு டேட்டாவிலேயே எல்லாவற்றையும் தள்ளுவது. கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒரு மாதம் முயன்றேன். எங்கள் எல்டிஇயில் நள்ளிரவுக்கு மேல் ஏற்றும் வேகம் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) கிடைக்கிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதாவது நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி, ஆறு மணி நேரத்தில் 21 ஜிபிக்குச் சற்று மேல். ஆறாவது ராத்திரியே இரவு டேட்டா 120 ஜிபியும் காலி. இந்தக் கணக்கில் 380 ஜிபி ஏற நாலு மாதம். நாலு மாதமும் வேறு எந்த அப்டேட்டும் இரவில் இறங்கக் கூடாது. போதாக்குறைக்கு, காலை ஆறு மணிக்கு நிற்காமல் ஓடினால் பகல் டேட்டாவைத் தின்னத் தொடங்கிவிடும். ஒருநாள் தூங்கிவிட்டேன், ஏழேகாலுக்குப் பார்த்தால் 4 ஜிபிக்கு மேல் போயிருந்தது.

கிளவுட் கம்பெனிகளின் சொந்தச் செயலிகளில் 'இத்தனை மணிக்குத் தொடங்கு, இத்தனை மணிக்கு நிறுத்து' என்று சொல்ல பெரும்பாலும் இடமில்லை. ஆர்குளோன் என்ற இலவசக் கருவியில் இருக்கிறது: எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் என்று நேர அட்டவணையே கொடுக்கலாம், மொத்தம் இத்தனை ஜிபி ஏறியதும் நின்றுவிடு என்றும் சொல்லலாம். கருப்புத் திரையில் கட்டளை எழுதத் தயங்காதவர்களுக்கு இது வரப்பிரசாதம். மற்றவர்கள், ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாக அணையும்படி வைத்துவிடலாம். முரட்டு வைத்தியம்தான், ஆனாலும் வேலை செய்கிறது.

ஆக, மூட்டைக்கு இரவு டேட்டா உதவாது. ஆனால் மாதச் சாமான் 15 ஜிபிக்கு இது தாராளம், ஒரே ராத்திரி போதும்.

அப்படியானால் மூட்டையை எப்படித் தூக்குவது? நான்காவது வழி அதுதான்: சுமையை நம் கம்பியில் ஏற்றாமல் வேறொருவர் கம்பியில் ஏற்றுவது. கூட வேலை பார்க்கும் நண்பர் ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கிறார், ஃபைபர் வீடு, ஏற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ். அதில் மணிக்கு 22 ஜிபி போகும். 380 ஜிபிக்கு 17 மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப்பையும் ஹார்டு டிஸ்க்கையும் ஒரு டப்பா முறுக்கையும் கொண்டுபோய் வைத்தேன். ஞாயிறு மதியம் போய் எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து நாலு மாதம் ஆகியிருக்கும் வேலை.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நண்பரின் திட்டம் உண்மையிலேயே வரம்பில்லாததா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அவர் மாதத்தை நாம் கெடுக்கக் கூடாது. இரண்டு, அங்கே ஏற்றியதை வீட்டுக்கு வந்ததும் கருவி மறுபடி முதலிலிருந்து ஏற்றத் தொடங்கக் கூடாது. அதே லேப்டாப், அதே கருவி, அதே கணக்கு என்று இருந்தால் அது ஏற்கெனவே ஏறியதைச் சரிபார்த்துவிட்டு மீதியை மட்டும் பார்க்கும். போனையும் இப்படிக் கூட்டிப்போகலாம். சார்ஜரில் போட்டு அவர் வைஃபையில் ஒரு ராத்திரி விட்டால் போதும்.

கருவி என்று சொன்னேன் அல்லவா, வரம்புள்ள வீட்டில் எந்தக் கிளவுட் என்பதைவிட எந்தக் கருவி என்பதுதான் பெரிய கேள்வி. காரணம் இது. என் அலுவலக மின்னஞ்சல் முழுக்க ஒரே கோப்பில் இருக்கிறது, 6 ஜிபி. தினமும் நாலு கடிதம் வருகிறது, கோப்பு 'மாறிவிட்டது'. கோப்பு மாறினால் முழுதாகத் திரும்ப ஏற்றும் கருவி என்றால் தினம் 6 ஜிபி, மாதம் 180. நாலு கடிதத்துக்கு! கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் ஏற்றும் கருவி என்றால் சில எம்பியோடு முடியும். டிராப்பாக்ஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. இலவசக் கருவிகளில் ரெஸ்டிக், போர்க், டூப்ளிகாட்டி, கோபியா எல்லாம் இந்த ரகம். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் இவை ஏமாறுவதில்லை. 'தைப்பூசம்' என்ற ஃபோல்டரை 'தைப்பூசம் பழசு' என்று மாற்றியதற்காக 40 ஜிபியைத் திரும்ப ஏற்றிய கருவியும் என்னிடம் இருந்தது. அதை நீக்கிவிட்டேன்.

நான் ரெஸ்டிக் எடுத்தேன். ஏற்றும் முன்பே பூட்டிவிடுகிறது, சாவி நம்மிடம். பாதியில் மின்சாரம் போனாலும் ஏறியது வீணாகாது, அடுத்த முறை அதைத் திரும்ப ஏற்றுவதில்லை. லோட் ஷெடிங் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் மின்வெட்டு இல்லாமல் இருந்தோம், 2025 ஜனவரி கடைசியில் மறுபடி வந்து எட்டிப்பார்த்தது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இன்னும் மாட்டியே வைத்திருக்கிறேன்.

இடையில் ஒரு சந்தேகம் அடிக்கடி கேட்கிறார்கள்: கிளவுட் சர்வர் இங்கேயே இருந்தால் டேட்டா குறைவாகச் செலவாகுமா? ஆகாது. மைக்ரோசாஃப்ட் 2019இல் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும், அமேசான் 2020இல் கேப்டவுனிலும் மையம் திறந்தார்கள். பக்கத்தில் இருப்பதால் பதில் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். உங்கள் சிம் எண்ணுவது ஜிபியை, கிலோமீட்டரை அல்ல.

வாடகை விஷயம். கூகுளில் 15 ஜிபி இலவசம், ஐகிளவுடிலும் ஒன்டிரைவிலும் 5. இவை போதாது. 380 ஜிபிக்கு மாதச் சந்தா கட்டத்தான் வேண்டும். ரெஸ்டிக் போன்ற கருவி வைத்திருப்பவர்கள் வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் காசு வாங்கும் கிடங்குகளைப் பார்க்கலாம். பேக்பிளேஸ் பி2 2023 அக்டோபரில் ஒரு டிபிக்கு (1000 ஜிபிக்கு) மாதம் 6 டாலர் என்று வைத்தது. அந்தக் கணக்கில் எங்களுக்கு இரண்டேகால் டாலர் சொச்சம். டாலரில் வசூலிப்பவர்களிடம் ஒரு சங்கடம், ரேண்ட் சரிந்தால் நம் வாடகை தானாக ஏறும்.

ஐந்தாவது வழி கிளவுடே வேண்டாம் என்பது. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கு, ஒன்று வீட்டில், இன்னொன்று சொந்தக்காரர் வீட்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. டேட்டா செலவு பூஜ்யம். இதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். வரம்புள்ள வீட்டில் கிளவுட் மட்டும் வைத்திருப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார்: திரும்ப இறக்குவதற்கும் டேட்டா வேண்டும். லேப்டாப் செத்து 380 ஜிபியும் திரும்ப வேண்டுமென்றால், பகல் 120, இரவு 120 இரண்டையும் முழுக்கக் கொடுத்தாலும் அந்த மாதத்துக்குள் முடியாது. டிஸ்க்கிலிருந்து சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம். 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் நாலு கடலடிக் கேபிள்கள் பழுதாகி இங்கே பல சேவைகள் தடுமாறின. அன்று டிஸ்க் வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

ஆனால் டிஸ்க் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உயிரோடு தப்பித்தது, வீட்டுக்குள் இடுப்பளவு சேறு. லேப்டாப் மேசையில், பேக்கப் டிஸ்க் அதே மேசையின் கீழ் டிராயரில். பதினைந்து வருடப் படங்கள், அசலும் நகலும் ஒன்றாகப் போயின. அந்த டிராயரை வெயிலில் காய வைத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நான் இதையெல்லாம் தீவிரமாக எடுத்துக்கொண்டேன். டிஸ்க்கைச் சொந்தக்காரர் வீட்டில் வைப்பதாக இருந்தால் அந்த வீடும் அதே ஆற்றோரம் இருக்கக் கூடாது.

மற்றொன்று, பலர் பேக்கப் என்று நினைப்பது உண்மையில் சிங்க், அதாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும்: ஒன்டிரைவில் 30 நாள், கூகுள் போட்டோஸில் ஏற்றிய படம் என்றால் 60 நாள். அதற்குள் பார்க்காவிட்டால் அவ்வளவுதான். சிங்கில் டேட்டா செலவும் மடங்காகும். அக்காவின் ஸ்கேனில் அப்போது முடிந்திருந்த 18 ஜிபியை முதலில் சிங்க் ஃபோல்டரில்தான் போட்டேன். ஏற 18, அக்காவின் கம்ப்யூட்டரில் இறங்க 18, அவர் மகன் லேப்டாப்பில் இறங்க 18. எல்லாம் ஒரே ரவுட்டரில், 54 ஜிபி. தேவைப்படும்போது மட்டும் கோப்பை இறக்கும் வசதி ஒன்டிரைவில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் இந்தக் கூத்து இல்லை.

வீடியோவைச் சுருக்குவது பற்றி வீட்டில் சின்னச் சண்டையே நடந்தது. 4கேயில் ஒரு நிமிடம் சுமார் 170 எம்பி, 1080பியில் சுமார் 60. ஒன்றரை மணிக் காவடி 15 ஜிபியிலிருந்து 5க்கு வந்துவிடும். "அலகு குத்துற முகம் தெளிவா தெரியணும்" என்றார் மனைவி. சரிதான். கடைசியில் ஒப்புக்கொண்டது: படமெடுக்கும்போதே 1080பி, சாமி வரும் பத்து நிமிடம் மட்டும் 4கே. எடுத்த பிறகு சுருக்குவதைவிட இது சுலபம்.

நாங்கள் நின்ற இடம் கலப்புதான். முதல் மூட்டை நண்பர் வீட்டு ஃபைபரில் ஏறிவிட்டது. மாதச் சாமான் ரெஸ்டிக் வழியாக இரண்டாம் செவ்வாய் இரவு ஒருமணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு நிற்கிறது. மிச்சமிருந்தால் மறுநாள் இரவு. வீட்டில் ஒரு டிஸ்க், வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம், செருகியே இருந்தால் வைரஸ் வந்தால் அதுவும் போகும். இன்னொரு டிஸ்க் டோங்காட்டில் அக்காவின் தங்கை வீட்டில், மேட்டுப் பக்கம். வீட்டு வைஃபை எல்லாப் போனிலும் 'மீட்டர்டு'. ஃபைபர் வந்துவிட்டால் நேர அட்டவணையை மட்டும் எடுத்துவிடுவேன், டிஸ்க் இரண்டும் அப்படியே இருக்கும்.

போன மாதம் சோதனைக்காக ஒரு கோப்பைக் கிளவுடிலிருந்து திரும்ப இறக்கினேன். ஆயாவின் கல்யாணப் படம், டிஃப், 100 எம்பி. இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. அக்கா திரையைப் பெரிதாக்கி மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி," என்று சொல்லிவிட்டு மிச்சத்தை ஆங்கிலத்தில் கேட்டார்: மளிகைப் பற்றுச்சீட்டும் ஏறியிருக்கிறதா என்று. ஏறியிருக்கிறது அக்கா, ஜேபெக்கில்.